நாலும் எனக்குத்தான்

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான்தான் பாதியில் நின்றவள் ஆயிற்றே, எப்படி வேண்டுமானாலும் ஆரம்பிப்பேன்.

இன்று அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு நர்ஸ் என் கையில் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொடுத்து, கழிப்பறைக் கதவைக் காட்டி, "போய்ப் பிடிச்சிட்டு வாம்மா" என்றார். வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். திரும்பி வரும்போது கிண்ணத்தை எங்கே மறைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன், யார் வீட்டுப் பூனைக்குட்டியையோ திருடிக்கொண்டு வருவது மாதிரி.

ஒரே கோடுதான் வந்தது. "ஒண்ணும் இல்லைம்மா, பயப்படாதீங்க" என்றார் நர்ஸ். அம்மா அத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதானே? "சீக்கிரமா பார்த்தா தெரியாம போயிடுமா?" என்று கேட்டாள். "சில பேருக்கு அப்படி ஆகும். சந்தேகமா இருந்தா ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ். அம்மா தலையை ஆட்டினாள். ஆக, அடுத்த வாரம் எனக்கு மறுபடியும் கிண்ணம்.

நான் ஓர் ஆண்பிள்ளையிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை. அது உனக்குத் தெரியும்.

நீ மறந்திருப்பாய் என்று இதையெல்லாம் எழுதவில்லை. மறந்த மாதிரி இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். பிள்ளை வேண்டும் என்று சிகிச்சை எடுப்பது நீ. தினமும் உன் வயிற்றில் ஊசி போட்டது நான். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்வார், ஊசியைக் கண்டால் மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வார். கடைசி ஊசி முடிந்ததும், "ரெண்டு வாரம் கழிச்சு நாங்களே ரத்தம் எடுத்துப் பார்ப்போம், அதுவரைக்கும் வீட்டுல எதையும் பார்க்காதீங்க" என்று உன் டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். மூன்றாம் நாளே, "ஓடிப்போய் ஒரு பிரெக்னன்ஸி கிட் வாங்கிட்டு வாடி" என்று என்னை மருந்துக் கடைக்கு விரட்டியது நீ. ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

நாலாவதை உன் மாமியார் குப்பைக்கூடையில் பார்த்துவிட்டார். கையில் எடுத்து வந்து, "இது யாருது?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ அடுப்பைப் பார்த்தாய். "அவளையே கேளுங்க" என்றாய்.

அவளையே கேளுங்க. கேட்டால் எனக்கு வாய் வராது என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கே என்னை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டீர்கள்.

அம்மா என் போனைப் பிடுங்கி, வேலைக்குப் போகும்போதும் கையோடு கொண்டுபோகிறாள். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டே அதைக் காவல் காக்கிறாள். போன் கையில் இருந்தாலும் நான் பேசியிருக்கமாட்டேன். எழுதினால்தான் நீ குறுக்கே பேச முடியாது. இதை நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன், உன் மாமியார் கையில் சிக்காமல் இருக்க. நீயும் வீட்டுக்கு எழுதாதே, அம்மா பிரித்துவிடுவாள். நான் இங்கே ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன், அந்த விலாசம் பின்னால் இருக்கிறது.

உண்மையை எப்போது சொல்லப் போகிறாய்? அதை மட்டும் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் முதலாளி எதிரிலேயே நீட்டினார். லென்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க அது அங்கேயே குத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா அந்த அளவுக்குப் போவாள் என்று நினைக்கவே இல்லை. அன்று நான் யோசித்துச் சொல்லவில்லை. அத்தை அதைத் தூக்கிப் பிடித்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ ஏதாவது சொல்லிச் சமாளிப்பாய் என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. குறை என்னிடம் இல்லை, உன் அத்தானிடம்; சிகிச்சையில் ஊசி மட்டும் எனக்கு. டாக்டரம்மா அதைச் சொன்ன அன்று, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "எங்க அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அத்தை என் மாத்திரை எல்லாம் தைராய்டுக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். கிட் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால், எதற்கு ஒளித்தாய், எந்த டாக்டர், யாருக்குக் குறை என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். முதல் கிட்டில் இரண்டு கோடும் எவ்வளவு அழுத்தமாக விழுந்தன, நீயும் பார்த்தாயே. அடுத்ததில் ஒன்று வெளிறியது. மூன்றாவதைக் கடைக்கே கொண்டுவந்து, கண்ணாடிக்குத் திருகு மாட்டும் விளக்கின் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு இருந்தது. ஒரு மயிரிழை. அதை நம்பினேன். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்ததும், "வீட்டுல பார்த்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். தலையை ஆட்டினேன். "நாங்க கடைசியா போட்ட ஊசிதாங்க அப்படிக் காட்டும். அந்த மருந்து உடம்புல கொஞ்ச நாள் நிக்கும், தேய்ஞ்சு தேய்ஞ்சு போகும். அதுக்குத்தான் பொறுங்கன்னு சொன்னேன்" என்றார். ஊசி மருந்தைப் பார்த்துத்தான் நான் அத்தனை சந்தோஷப்பட்டிருக்கிறேன். பெயர்கூட யோசித்துவிட்டேன்.

ஒருவர் காலொடிந்த கண்ணாடியோடு வந்து நிற்கிறார். பிள்ளை அதன்மேல் உட்கார்ந்துவிட்டதாம். எல்லார் வீட்டுக் கண்ணாடியையும் பிள்ளைகள்தான் உடைக்கிறார்கள்.

கொஞ்சம் பொறு. எல்லாம் சரியாகும்.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

இரண்டாவது கிண்ணமும் ஆயிற்று. அதே நர்ஸ், அதே ஒற்றைக் கோடு. "இப்ப திருப்தியாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "ஏதோ, தப்பிச்சா" என்றாள் அம்மா. தப்பித்தேனாம். அப்படியென்றால் செய்தேன், ஆனால் மாட்டவில்லை என்றுதானே அர்த்தம்?

உனக்குப் பொய் சொன்ன கோட்டை நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நம்பினாய். எனக்கு உண்மை சொன்ன கோட்டை அம்மா வெறுங்கண்ணால் இரண்டு தடவை பார்த்தும் நம்பவில்லை. என் நிலைமை இதுதான்.

அத்தானை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். அவர் நல்லவர். ஆனால் அவருடைய மானத்தைப் போர்த்த என் மானம்தான் கிடைத்ததா? எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு கட்டில் விரிப்பை இன்னொரு அறைக் கட்டுக்குள் வைத்துவிட்டாலே சூப்பர்வைசர் கத்துகிறார். நீ ஆளையே மாற்றிப் போர்த்திவிட்டாய்.

இங்கே பெரிய சூட்டு உருளை ஒன்று இருக்கிறது. ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அதற்குள் கொடுக்க வேண்டும். மறு முனையில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடுவதே இல்லை. "நீ பேசமாட்டே, நான் நிறுத்தமாட்டேன், நமக்கு நல்ல பொருத்தம்டி" என்கிறாள். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வண்டி விரிப்பு தீரும்வரை ரேடியோ நின்றுவிட்டது. அப்புறம், "உங்க அக்காவை ஒரு நாள் என்கிட்ட விட்டுப் பாரு, உருளையில குடுத்து மடிச்சு அனுப்பறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

பொறு என்று எனக்கு எழுதாதே. பொறுங்கள் என்று சொன்னபோது பொறுக்காதவள் நீ. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஊமைக்கோட்டான் என்றும் இனி எழுதாதே.

தங்கை


மார்ச் 18

தங்கைக்கு,

மறுபடியும் ஆரம்பித்துவிட்டோம். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் ஊசியைத் தானே போடுவதாக உன் அத்தான் சொன்னார். மருந்தை உறிஞ்சினார், சுண்டிக் காற்றை எடுத்தார், மெக்கானிக் புத்தியோடு எல்லாம் சுத்தமாகச் செய்தார். என் வயிற்றைப் பார்த்ததும் அப்படியே ஃபிரிட்ஜில் சாய்ந்தார். மேலே இருந்த டப்பா அத்தனையும் உருண்டது. "என்னடா சத்தம்?" என்று அத்தை ஓடிவர, "கால் வழுக்கிடுச்சும்மா" என்கிறார் தரையில் உட்கார்ந்தபடி. இப்போது நானே குத்திக்கொள்கிறேன். நீ போட்டால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும். எனக்கு இடமெல்லாம் நீலமாகக் கன்றிப் போகிறது. நீ எப்படிப் போடுவாய், எழுது.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். சட்டைக்கு அளவு கொடுக்க எதிர்க்கடைத் தையல்காரம்மாவிடம் போயிருந்தேன். மருந்துக் கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. டேப்பை என் தோளில் வைத்துக்கொண்டே, "தங்கச்சி எப்படி இருக்கா? இப்ப மாசம் ரெண்டு இருக்குமா?" என்றார். அளவை மட்டும் கொடுத்து முடித்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ரத்தம் எடுப்பார்கள். அதுவரை தாங்கிக்கொள். நல்ல செய்தியாக வந்துவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். யாரும் எதையும் தோண்டமாட்டார்கள்.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொள். பிடித்த பிறகு யோசிக்காதே, யோசித்தால் கை நடுங்கும். மருந்தை உள்ளே விடும்போது மட்டும் நிதானம். நேற்றுப் போட்ட பக்கம் இன்று வேண்டாம். முன்னால் கொஞ்சம் ஐஸ் வைத்துக்கொண்டால் தெரியாது. உங்கள் நர்ஸ் எனக்குக் காட்டிக் கொடுத்தது இவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் உனக்குக் கிடைக்கிற அன்பும் இவ்வளவுதான்.

தையல்காரம்மா அப்படிக் கேட்கும்போது நீ அளவு கொடுத்துக்கொண்டு நின்றாய். கையைத் தூக்கு என்றால் தூக்கியிருப்பாய். திரும்பு என்றால் திரும்பியிருப்பாய். வாயைத் திறப்பது மட்டும் உன்னால் ஆகவில்லை. ஊமைக்கோட்டான் நானா, நீயா?

நல்ல செய்தி வந்தால் சொல்வாயாம். வராவிட்டால்? அதற்கடுத்த தடவை வரைக்கும் அந்தத் தெருவில் நான் பிள்ளைத்தாய்ச்சியாகவே இருக்க வேண்டுமா? மாதம் ஏறிக்கொண்டே போகுமே, பிள்ளை எங்கே என்று கேட்பார்களே. கலைத்துவிட்டாள் என்பார்கள். அதற்கும் நீ அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

முடிவு தெரிவதற்கு முன்னால் சொல். உனக்குப் பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் எனக்குப் போடுகிற மிச்சமாக அது வரக் கூடாது.

தபால் அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உறை கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் வீட்டு விலாசம், உன் மாமியார் பெயர். ரத்தம் எடுக்கும் நாளுக்குள் நீ வாயைத் திறக்காவிட்டால் அதைப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

தங்கை


ஏப்ரல் 1

என்னையே மிரட்டுகிறாயா?

உனக்குத் தலை பின்னிவிட்டது யார்? வகுப்பில் உன்னை எழுப்பி வாசிக்கச் சொல்லி அழ வைத்த டீச்சரோடு பள்ளிக்கூட வாசலில் சண்டை போட்டது யார்? நீ படிப்பை விட்டபோது அம்மா போட்ட கூச்சலுக்கு நடுவில், "போனா போகுது, என்கூட இருக்கட்டும்" என்று கூட்டி வந்தது யார்? அத்தனை தடவையும் உனக்காகப் பேசினது நான். ஒரே ஒரு தடவை பேசவில்லை. அதற்கு எனக்கு அட்டையா?

நேற்று முன்தினம் கடைசி ஊசியோடு எல்லாம் முடிந்தது. பதிமூன்றாம் தேதி ரத்தம் எடுக்கிறார்கள். இனி வெறும் காத்திருப்புதான். மருந்துக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும், அதனால் தெருவின் மறுபக்கமாக நடக்கிறேன். கை பரபரக்கிறது. பொய்க் கோடுதான் வரும் என்று நன்றாகத் தெரிகிறது. பொய்யாக இருந்தாலும் இன்னொரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும் போல இருக்கிறது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் எனக்கு வந்த ஒரே இரண்டாவது கோடு அது. உனக்கு இது புரியாது.

இப்போது அத்தைக்குத் தெரிந்தால் வீட்டில் நடக்கப்போகும் கூத்தை என் உடம்பு தாங்காது. இந்தத் தடவையும் இல்லை என்று ஆனால் நீதான் காரணம்.

போடு, அட்டையைப் போட்டுப் பார்.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

அவளையே கேளுங்க. நீதான் காரணம். என் கதையை முடிக்க உனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு வார்த்தை போதும்.

அட்டையை எழுதினேன். சாப்பாட்டு வேளையில் ரேடியோவும் நானும் தபால் பெட்டி வரைக்கும் போனோம். "குடுடி, நான் போடறேன். எனக்கு அக்காவும் இல்லை, பாவமும் இல்லை" என்றாள். நான் கொடுக்கவில்லை. பயந்து இல்லை. நான் போட்டால் அத்தைக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனால் சொன்னது அப்போதும் நீ இல்லை. நீ பாட்டுக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அந்த வசதியை உனக்கு நான் செய்து தரமாட்டேன்.

திரும்பி வந்து அட்டையை வெந்நீர்த் தொட்டியில் எறிந்தேன். மை இறங்கி ஒரு தலையணை உறை நீலமாகிவிட்டது. அதற்கு வாங்கிய திட்டும் உன் தலையில்தான்.

ஆமாம், நீ எனக்காகப் பேசியிருக்கிறாய். அதனால்தான் அத்தை கேட்டபோது உன்னைப் பார்த்தேன். வேறு யாரைப் பார்ப்பேன்?

கை பரபரத்தால் நீயே போய் வாங்கு. அந்தக் கடைக்காரர் முதலில் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் உரக்க, "கிட்டா?" என்று கேட்பார். காகிதத்தில் சுற்றித் தரமாட்டார், எல்லாரும் பார்க்கிற மாதிரி பலகைமேல் வைப்பார். நான் நாலு தடவை அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நீ ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்.

இனி எழுதமாட்டேன்.


ஏப்ரல் 10

அம்மாவுக்கும் தங்கைக்கும்,

வேண்டுமென்றேதான் அட்டையில் எழுதி, வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். அம்மா, முதலில் நீ படி. அந்தக் கிட் நாலும் என்னுடையவை. பிள்ளைக்காகச் சிகிச்சை எடுப்பது நான். இவளை அனுப்பி வாங்கினேன், மாட்டியதும் இவளைக் காட்டிக் கொடுத்தேன். இவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

தங்கச்சி, நேற்று சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனேன். தையல்காரம்மா இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று ஒதுங்கப் பார்த்தேன், ஒதுங்கவில்லை. கிட் கேட்டேன். "ஏன், தங்கச்சி வந்துட்டாளா?" என்றார் கடைக்காரர். "இது எனக்கு. அப்ப வாங்கினதும் எனக்குத்தான். நாலும் எனக்குத்தான்" என்றேன். நீ எழுதியபடியே பலகைமேல்தான் வைத்தார். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அத்தை முன்னால் வைத்து, அதையே மறுபடியும் சொன்னேன். யாருக்குக் குறை என்றார். நான் பேசுவதற்குள் உன் அத்தான் உள்ளேயிருந்து வந்து, "எனக்கும்மா" என்றார். இதை அட்டையில் எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். அத்தை இன்னும் யாரோடும் பேசவில்லை.

கிட்டைப் பிரிக்கவில்லை. இடம் போதவில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இதை உன் வீட்டுக்கே போடுகிறேன்.

அட்டையைத் தபால்காரர் சைக்கிள் ஸ்டாண்டிலேயே அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார், படிக்கட்டும். வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். வண்டி எடுக்க ஆட்கள் நின்றுகொண்டிருக்க, அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "உங்க அக்கா கையெழுத்து ஏன் இப்படிக் கோணிப் போச்சு?" என்றாள். அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. பிறகு பைக்குள்ளிருந்து என் போனை எடுத்து நீட்டினாள். "இந்தா. சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

எப்போதும் போல என்றால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"போதாதும்மா" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு தடவை பார்த்தே. ரெண்டு தடவையும் நம்பலை. போனைத் திருப்பிக் குடுத்தா போதாது."

சத்தமாகவே வந்துவிட்டது. டோக்கனை நீட்டியவர் நீட்டியபடி நின்றார். அம்மா அதை வாங்கி, யாருடைய வண்டியையோ அவருக்குக் காட்டினாள். அவரும் பயந்துபோய் அதையே தள்ளிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவளோடு பேசுவேன், இன்றைக்கு இல்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் போகவில்லை. மருந்துக் கடையில் நீ சொன்னதை ரேடியோவுக்கு நாலு தடவை சொன்னேன், அவள் மற்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அப்படியும் போகவில்லை. உன் ஊசி மருந்து மாதிரி அதுவும் உடம்பில் கொஞ்ச நாள் நிற்கும் போலிருக்கிறது. போய்விட்டதா, போய்விட்டதா என்று தினம் பார்த்துக்கொண்டிருக்காதே.

நாளை உனக்கு ரத்தம் எடுப்பார்கள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நான் உன்னைப் போனில் கூப்பிட்டிருப்பேன். முதலில் திட்டியிருப்பேன், நீ குறுக்கே பேசாமல் கேட்டிருப்பாய். அதற்குப் பிறகுதான் முடிவு என்ன என்று கேட்டிருப்பேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அந்த வரிசை மாறியிருக்காது. ஒருவேளை மாறியிருந்தால் நான் அழுதுவிட்டேன் என்று அர்த்தம், அதைக் கண்டுகொள்ளாதே. திட்டு அப்படியே இருக்கிறது, அடுத்த போனில் வரும்.

உன் தங்கை